கழற்றிய மீட்டர் காட்டிய அறுபத்தொன்று

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

1. எங்கள் பஸ்ஸுக்குப் பின்பக்க டயர்களையும், பின் அச்சுக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனையும் மாற்றினார்கள். ஸ்பீடாமீட்டரை யாரும் தொடவில்லை.

2. ஐந்து வாரம் கழித்து வாலாஜாபாத் சாலையில் அந்த பஸ் ஒரு மாட்டுவண்டியை இடித்தது. வண்டிக்காரருக்குக் கால் முறிந்தது.

3. டிரைவர் ஏகாம்பரம் ஐம்பதில்தான் போனேன் என்றார். பின்னால் ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி, அறுபதுக்கு மேல் போனார் என்று எழுதிக் கொடுத்தார்.

4. ஏகாம்பரத்தின் லைசென்ஸை ரத்து செய்வதா என்று விசாரணை வைத்தார்கள்.

5. விசாரணைக்கு முன்னால் அந்த மீட்டரை நான் சோதித்தேன்.

6. மீட்டர் சரியாகக் காட்டியது. அது சரியாகக் காட்டியிருக்கவே கூடாது.

ஆறாவதைச் சொல்லத்தான் இவ்வளவும். பேய், முனி, காத்து கருப்பு எதையும் நான் நம்பியதில்லை. இதை எழுதுகிற இந்த நிமிடமும் நம்பவில்லை. நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது பட்டறை மூலையில் ஒரு லேத் யாரும் தொடாமலே சுற்றுகிறது என்று பையன்கள் கதை கட்டி வைத்திருந்தார்கள், வகுப்பில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் அந்த லேத்தையே எனக்கு ஒதுக்கச் சொல்லி வேடிக்கை பார்த்தார்கள். பெல்ட்டைத் தள்ளும் கவை தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். அரை நாளில் சரிசெய்தேன். அதற்குப் பிறகு அந்த லேத் தானாகச் சுற்றவில்லை, பையன்களுக்கும் பேச்சு நின்றது.

டிப்ளமா முடித்ததும் காஞ்சிபுரத்தில் இரண்டு பஸ்ஸும் ஒரு லாரியும் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஷெட். எந்த வண்டிக்கு என்றைக்கு என்ன வேலை நடந்தது என்று குறித்து வைப்பதும் வேலையை மேற்பார்வை பார்ப்பதும் என் பொறுப்பு. தலைமை மெக்கானிக் தேவராஜ் மேஸ்திரி என்னை ‘இன்ஜினியரம்மா’ என்று கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுதபூஜைக்கு எல்லாரும்தான் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எங்கள் முதலாளி மீட்டர் கண்ணாடியில், சரியாக ஐம்பது என்ற எண்ணின் மேல், தன் கையாலேயே ஒரு பொட்டு வைப்பார். பொட்டைத் தாண்டி முள் போகக்கூடாது, அதுதான் கம்பெனி சட்டம். பொட்டு காய்ந்து உதிர்ந்தால் வெள்ளிக்கிழமை டிரைவரே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஏகாம்பரம் பதினொரு வருடம் அந்தப் பொட்டுக்குக் கீழேயே ஓட்டியவர்.

வைகாசியில் கருடசேவைக் கூட்டம் வருமுன்னே பஸ்ஸைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. லாரி ஓடாமல் நின்றிருந்தது. அதன் பெரிய டயர்களையும் கிரௌன் பினியனையும் கழற்றி பஸ்ஸில் மாட்டினார்கள், வண்டி இரைச்சலில்லாமல் போகும், டீசலும் மிச்சம் என்று கணக்கு. நான் அந்த வாரம் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். இருந்திருந்தால் தடுத்திருப்பேனா என்று கேட்டால் தெரியாது. வேலை முடிந்ததும் பொட்டை மட்டும் புதிதாக வைத்தார்கள்.

விபத்துக்குப் பிறகு ஏகாம்பரத்தின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் வீட்டில் இருந்தார். ஒருநாள் மத்தியானம் ஷெட்டுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

“நான் பொய் சொல்றேன்னு நீயும் நெனைக்கிறியாமா?”

“நான் எதுவும் நெனைக்கலைண்ணே.”

“முள்ளு பொட்டுக்குக் கீழதான் இருந்துச்சு. எம் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன்.”

“சத்தியம் வேணாண்ணே. அன்னைக்கு வண்டில எந்த டயர் இருந்துச்சு, அதச் சொல்லுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். லைசென்ஸ் போனால் இந்த வயதில் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. அவர் மனைவி ஏற்கெனவே தறிக்காரர் வீடுகளுக்குப் பட்டு இழை சுற்றிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். சத்தியத்தை மதிக்காத ஒரு பெண்ணிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அவர் நினைத்திருக்கலாம்.

கணக்கு மிக எளிது. மீட்டருக்குச் சக்கரம் தெரியாது. கியர்பாக்ஸின் பின்னாலிருந்து ஒரு கேபிள் வருகிறது. அங்கே சுற்றுகிற தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதை மட்டும்தான் மீட்டர் எண்ணுகிறது. பழைய டயர் ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டர் உருளும், புதியது மூன்று மீட்டர் பதினைந்து சென்டிமீட்டர். சாக்பீஸால் குறி போட்டு, தரையில் உருட்டி, டேப் வைத்து அளந்தேன். அடுத்தது கிரௌன் பினியன். நாற்பத்தொரு பல் கிரௌனுக்கு முன்பு ஆறு பல் பினியன், இப்போது ஏழு பல். அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்ற, தண்டு முன்பைவிடக் குறைவாகச் சுற்றினால் போதும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால், மீட்டரில் ஐம்பது என்றால் சாலையில் அறுபத்தொன்று. ஜீப் அதிகாரி சொன்னதும் உண்மை, ஏகாம்பரம் சொன்னதும் உண்மை.

முதலாளியிடம் தாளைக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. “ஓட்டிக் காட்டுமா. பார்த்தா நம்பறேன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி, உச்சி மண்டை வெடிக்கிற வெயில். இருட்டும் இல்லை, புளியமரமும் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாலாஜாபாத் சாலையில் நேராக இருக்கும் ஒரு பகுதியில் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே சோதனை. ஏகாம்பரம் ஓட்டக்கூடாது என்பதால் தேவராஜ் மேஸ்திரி ஓட்டினார். முதலாளி, ஏகாம்பரம், நான், அவ்வளவுதான் ஆட்கள். ஸ்டாப்வாட்ச் ஒரு டிரில் மாஸ்டரிடம் இரவல் வாங்கியது. முள்ளைப் பொட்டின் மேலேயே நிறுத்தி ஓட்டச் சொன்னேன். மீட்டர் சரியென்றால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எழுபத்திரண்டு வினாடி ஆகும், என் கணக்கு சரியென்றால் ஐம்பத்தொன்பது.

எழுபத்திரண்டு ஆயிற்று.

திரும்பி வந்தோம். மறுபடியும் எழுபத்திரண்டு.

முதலாளி பின்னால் திரும்பி, “என்னா ஏகாம்பரம், மீட்டரு கரெக்டாதானே இருக்குது?” என்றார். ஏகாம்பரம் என்னைத்தான் பார்த்தார். நான் இறங்கி டயரை அங்கேயே, சாலையிலேயே, உருட்டி அளந்தேன். மூன்று மீட்டர் பதினைந்துதான். பினியன் பல்லை முந்தின வாரம்தான் நானே அச்சைத் திறந்து எண்ணியிருக்கிறேன். ஏழுதான்.

கேபிளில் ஏதாவது கோளாறா என்று பார்க்க மீட்டரின் பின்னாலிருந்து அதைத் திருகி எடுத்தேன். கேபிள் முனை டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கியது. கையால் சுற்றிப் பார்க்கலாம் என்று குனிந்திருந்தேன். அதற்குள் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்க, தேவராஜ் மேஸ்திரி வண்டியை ஓரம் கட்ட நகர்த்தினார்.

“இன்ஜினியரம்மா” என்றார். அவர் குரலில் நக்கல் இல்லாமல் நான் கேட்ட முதல் தடவை அது.

முள் ஏறிக்கொண்டிருந்தது.

நம்பினால் நம்புங்கள். கேபிள் என் கையில் இருக்கிறது, முள் பத்து, பதினைந்து என்று மெதுவாக ஏறுகிறது, வண்டி நின்றதும் இறங்கிச் சுழியில் உட்காருகிறது. “இன்னும் ஸ்பீடா ஓட்டுங்க மேஸ்திரி” என்றேன். “நீ எறங்குமா மொதல்ல” என்றார். “நான் எறங்கல, நீங்க ஓட்டுங்க.” ஓட்டினார். முள் பொட்டைத் தாண்டிப் போய் அறுபத்தொன்றில் ஆடாமல் நின்றது. ஸ்டாப்வாட்ச்சில் ஐம்பத்தொன்பது வினாடி. வண்டியின் அதிர்வில் முள் ஏறுமா? அதிர்வில் ஏறினால் ஆடும். சிக்கிக்கொண்டதா? சிக்கினால் இறங்காது. காந்தத் தட்டா? அதைச் சுற்றுவதே அந்தக் கேபிள்தான். இவற்றை அப்போதே, அந்த வண்டியிலேயே, மனதுக்குள் ஒவ்வொன்றாக அடித்தேன்.

“அந்த எடத்து முனி ஏறிக்கிச்சு” என்றார் முதலாளி. “ஒரு எலுமிச்சம்பழம் வாங்கியாந்து சுத்திப் போட்டுட்டு வீட்டுக்குப் போலாம்.”

“முனிக்கு கிலோமீட்டர் கணக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தாங்க?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் இன்னொரு பஸ்ஸிலிருந்து அதே மாதிரி மீட்டர் ஒன்றைக் கழற்றிப் பையில் கொண்டுவந்திருந்தேன். பழையதை எடுத்துவிட்டு அதை மாட்டினேன். பொட்டு உதிர்ந்துபோன கண்ணாடி. ஐம்பதில் முள்ளை நிறுத்தி ஓட்டச் சொன்னேன். ஐம்பத்தொன்பது வினாடி. திரும்பவும் ஐம்பத்தொன்பது. என் கணக்கு ஒரு வினாடி பிசகவில்லை.

ஏகாம்பரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். “இத எழுதிக் குடும்மா, அது போதும்” என்றார்.

எழுதினேன். கேபிளோடு, கேபிள் இல்லாமல், மாற்று மீட்டரோடு என்று மூன்று ஓட்டங்களையும் எழுதினேன். முதல் இரண்டையும் அடிக்கச் சொன்னார் முதலாளி. “பேய்க் கதை எழுதிக்கினு போனா அவன் லைசென்ஸும் போயிடும், நம்ம பேரும் போயிடும்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த இரவு அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நடந்ததில் எனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எழுதினால், பிடித்ததை மட்டும் பொறுக்கியவள் என்று பிற்பாடு யாரும் என்னைச் சொல்ல முடியும், அப்போது மூன்றாவது ஓட்டமும் செல்லாது. அடிக்க மாட்டேன் என்றேன்.

விசாரணையில் பிரேக் இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டினார்.

“கேபிள் இல்லாம முள்ளு ஏறிச்சுன்னு எழுதியிருக்கியே. வெயில்ல ரொம்ப நேரம் நின்னியாமா?”

“நாலு பேரு நின்னோம் சார்.”

“மீட்டர் பழுதுன்னு ஒரு வரி எழுதிடு. முடிஞ்சுடும்.”

“பழுதில்ல சார். அது சரியாதான் காட்டிச்சு. அதுதான் பிரச்சினை.”

“பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ பிடிவாதம் ஆவாது.”

“டயரை உருட்டிப் பாருங்க சார். பினியன எண்ணிப் பாருங்க. அதுல முனி இல்ல.”

அவர் எழுந்துவந்தார். கோபத்தில்தான் வந்தார் என்று நினைக்கிறேன். டயரை உருட்டினார், அச்சைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார், இன்னொரு பஸ்ஸின் மீட்டரோடு வண்டியை ஓட்டச் சொல்லித் தன் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தார். ஏகாம்பரத்தின் மேல் தப்பில்லை என்று எழுதினார். டயரையும் பினியனையும் மாற்றினால் மீட்டரையும் மாற்றியாக வேண்டும் என்று முதலாளிக்கு நோட்டீஸ் கொடுத்தார். முதல் இரண்டு ஓட்டங்கள் இருந்த பக்கத்தை மட்டும் கிழித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஒன்றை அந்தப் பக்கத்திலும் நான் எழுதவில்லை. எதையும் அடிக்க மாட்டேன் என்று அவ்வளவு பேசியவள், அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. மூன்றாவது ஓட்டத்தில் மற்ற மூன்று பேரும் மாற்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்றிய பழைய மீட்டர் என் மடியில் இருந்தது, கழிவுப் பஞ்சில் சுற்றி. வண்டியோடு அதற்கு ஒரு திருகாணித் தொடர்பும் இல்லை. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தக் குனிந்தபோது பஞ்சு விலகியது. முள் அறுபத்தொன்றில் நின்றது. வண்டி நின்றதும் இறங்கியது. என் மடியில் அது இறங்கியதை நான் உணர்ந்தேன் என்று சொன்னால் அதிகப்படி, பார்த்தேன், அவ்வளவுதான்.

இன்றைய நிலை இது. ஏகாம்பரம் பஸ் ஓட்டுகிறார். சாலைக் கணக்குக்குப் பொருந்திய புதிய மீட்டர் மாட்டியாயிற்று, பொட்டு வைப்பதை முதலாளி விடவில்லை. பழைய மீட்டர் ஷெட் அலமாரியில் இருக்கிறது, மேஜை மேல் வைத்தால் முள் சுழியை விட்டு அசைவதில்லை, எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு தடவை ரயிலில் ஏறினால், முள் ரயிலின் வேகத்தையும் காட்டுகிறதா என்று தெரிந்துவிடும். பேயை நம்பாதவள் என்று இன்னும் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் இதுவரை அதோடு நான் எந்த வண்டியிலும் ஏறவில்லை. அடுத்த மாதம் சென்னையில் எனக்குப் புது வேலை. அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.