இல்லாத படிக்குத் தூக்கிய கால்

இது நடந்தது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஜெர்மனியின் தென்மேற்கில் ட்ராம் ஓடுகிற ஒரு நகரத்தில். அந்த நகரத்தின் ஓரத்தில், ட்ராம் பாதை முடிவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னால் எங்கள் வீடு. நான், மனைவி, இரண்டு மகள்கள், என் அக்கா என்று ஐந்து பேர்.

அக்காவுக்கு நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் வழங்காமல் போய்விட்டன. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது வீட்டில் இருந்தபடியே ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தொண்ணூற்றேழில் என்னிடம் வந்து சேர்ந்தார். கைகள் இரண்டும் நல்ல பலம். வீட்டுக்குள்ளும் தெருவிலும் தன் சக்கர நாற்காலியைத் தானே ஓட்டிக்கொள்வார். ட்ராம் என்று வந்தால்தான் நான் தேவைப்பட்டேன்.

பழைய ட்ராமில் ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும். கதவு திறந்தால் செங்குத்தாக மூன்று படி. கதவின் நட்டநடுவில், பிடித்துக்கொண்டு ஏறுவதற்கென்று ஓர் இரும்புக் கம்பி. மெலிந்த ஆள்கூடப் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏற வேண்டும். நாற்காலியோடு ஏற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நான் அக்காவை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மூன்று படியும் ஏறி, ஓர் இருக்கையில் இருத்திவிட்டு, திரும்பக் கீழே குதித்து, நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு கதவு மூடுவதற்குள் ஓடி ஏறுவேன். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

இதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. எட்டு வருடத்தில் என் கையிலிருந்து அக்கா ஒருதடவைகூட நழுவியதில்லை. கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் எங்கள் ஆட்கள் என்னைக் காட்டி, "தம்பியெண்டா இப்பிடி இருக்க வேணும்" என்பார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன். உள்ளுக்குள் கால் தரையில் படாது.

ஆனால் ட்ராமில் போகிற நாட்களில் அக்கா காலையிலிருந்து தேநீர், தண்ணீர் எதுவும் குடிக்க மாட்டார். வழியில் ஓர் அவசரம் வந்தால் என்னை மறுபடி தூக்கச் சொல்ல வேண்டுமே என்ற யோசனை. தூக்கும்போது துணி விலகுமென்று எந்தக் காலநிலையிலும் பாவாடைக்குள் நீளக் காற்சட்டை போடாமல் வெளிக்கிட மாட்டார். இதெல்லாம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நான் பெரிதாக யோசிக்கவில்லை.

இப்போது இரண்டு வருடம் பின்னால் போய் ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாகத் தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அக்காவுக்கு ஒரு டெர்மின் வந்திருந்தது. இன்ன நாள், இன்ன நேரம் வரவேண்டும் என்று கடிதம். இப்படியான இடங்களில் அக்காவுக்காக எப்போதும் பேசுவது நான்தான். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். யாருக்கு முதலில் மொழி வந்ததோ அவர்தான் எல்லோருக்கும் வாய். அலுவலகப் பெண் கணினியோடு சேர்ந்த ஒரு அலுவலகப் பயிற்சி இருப்பதாகச் சொன்னார். வகுப்பு நகரத்தின் மறுபக்கத்தில், தினமும் காலை எட்டு மணிக்கு. "உங்கள் சகோதரியால் ஒவ்வொரு நாளும் வர முடியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் அப்போது ஒரு பெரிய வெதுப்பகத்தில் காலை வேலை செய்துகொண்டிருந்தேன். எட்டு மணிக்கு நான் மாவுக்குள் நிற்பேன். அக்கா பக்கம் திரும்பாமலே, முந்திரிக்கொட்டை மாதிரி, "முடியாது" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தலையாட்டி எதையோ எழுதினார். பிறகுதான் அக்காவிடம் திரும்பி, "உங்களுக்குப் பொருத்தமா ஒண்டும் இல்லையாம் அக்கா" என்றேன். அக்கா "சரி" என்றார். அன்று வீட்டுக்கு வருகிற வழியில் அவரை வழக்கத்தைவிடக் கவனமாகத் தூக்கினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு எங்கள் பாதையில் வேலை தொடங்கியது. ட்ராம் நிறுத்தத்தைப் பிளந்து போட்டு, மேடையை உயர்த்துகிறோம் என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். தற்காலிக நிறுத்தம் தெருமுனைக்கு அப்பால் போய்விட்டது. "இரண்டு சாண் உயர்த்த இவ்வளவு காலமா, எங்கள் ஊர் மேசன் ஒருவரை விட்டால் ஒரு கிழமையில் முடித்திருப்பார்" என்று வீட்டில் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன். நானோ வேலைக்குச் சைக்கிளில் போகிறவன். எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. புது ட்ராம் பற்றிப் பத்திரிகையில் வந்ததை வெட்டித் தன் கொப்பிக்குள் வைத்திருந்தார். "தாழ்தள ட்ராம் விடப்போறாங்களாம் தம்பி, படியே இல்லையாம்" என்று ஒருநாள் சொன்னார். நான் "ஓம் ஓம்" என்றேன். எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் போகவில்லை.

ஒக்டோபரில் அக்கா அந்த அலுவலகத்தில் மறுபடி ஒரு டெர்மின் இருக்கிறது என்றார். இந்த முறை கடிதம் வரவில்லை, அவரே கேட்டு எடுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்த காலை. புது மேடையில் போய் நின்றோம். ட்ராம் வந்தது. பளபளவென்று, நீளமாக, கண்ணாடியும் தானுமாக. கதவு திறந்தது.

எட்டு வருடப் பழக்கம் கண்ணைக் கேட்டா வேலை செய்யும்? நாற்காலியின் தடையைப் போட்டேன். ஒரு கையை அக்காவின் முழங்காலுக்குக் கீழும் மற்றதை முதுகுக்குப் பின்னாலும் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கினேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கவில்லை. கதவை நோக்கித் திரும்பி, முதல் படிக்குக் காலைத் தூக்கி வைத்தேன்.

அங்கே படி இல்லை. தூக்கிய கால் வெறும் காற்றில் போய் 'தொப்'பென்று சமதரையில் விழுந்தது. முழங்கால் மடிந்துவிட்டது. அக்காவோடு சேர்ந்து முன்னால் போய்ச் சரிந்தேன். அவர் தலை எதிரே இருந்த கம்பியில் மோத ஒரு விரற்கடை இருந்திருக்கும். அந்தக் கணத்தில் அக்கா இரண்டு கையாலும் அதே கம்பியை எட்டிப் பிடித்தார். அன்று என்னைத் தாங்கியதும் அவருடைய கைகள்தான். எப்படியோ இருவரும் பக்கத்து இருக்கையில் அரைகுறையாக விழுந்தோம். ட்ராமுக்குள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். வெளியே, ட்ராமின் தரையோடு தரையாக இருந்த மேடையில், வெறும் நாற்காலி மழையில் நின்றது.

அக்கா நிதானமாக இருந்தார்.

"தம்பி, என்னைத் திரும்ப வெளியில கொண்டுபோய்க் கதிரையில இருத்து."

"என்னக்கா சொல்லுறீங்கள்? ட்ராம் வெளிக்கிடப் போகுது."

"நிக்கும். நான் கேக்கிறன்."

அதற்குள் சாரதி தன் அறையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பெரிய மீசை வைத்த, வயது ஐம்பதைத் தாண்டிய மனிதர். அடிபட்டதா என்று கேட்டார். அக்கா ஜெர்மன் மொழியில் பதில் சொன்னார். இலக்கணம் அங்கங்கே சறுக்கினாலும் குரல் சறுக்கவில்லை. அடி ஒன்றுமில்லை, ஒரு நிமிடம் பொறுக்க முடியுமா, நான் ஏற வேண்டும் என்றார். சாரதி குழம்பிப்போய், நீங்கள்தான் ஏறிவிட்டீர்களே என்றார்.

"இல்லை" என்றார் அக்கா. "இவர்தான் ஏறினார். நான் இன்னும் ஏறவில்லை."

சாரதி என்னைப் பார்த்தார், வெளியே நின்ற நாற்காலியைப் பார்த்தார். பிறகு கதவோரம் ஒதுங்கி நின்று வழிவிட்டார். நான் அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் இருத்தினேன். அவர் பாவாடையைச் சரிசெய்தார், தடையை எடுத்தார். கதவுக்கு நேரே நாற்காலியைத் திருப்பி, முன்சில்லைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒரே தள்ளில் உள்ளே போனார். மேடைக்கும் ட்ராமுக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியில் 'டக்'கென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். நாற்காலிக்கென்று விட்டிருந்த இடத்தில் போய், முதுகைச் சாய்மானத்துக்குக் கொடுத்து நாற்காலியை நிறுத்திக்கொண்டார். நான் பின்னால், இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் ஏறினேன்.

அவர் கைக்கெட்டும் உயரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு நீலப் பொத்தான் இருந்தது. இறங்க வேண்டிய இடம் நெருங்கியதும் நான் அதை அழுத்தக் கை நீட்டினேன். அதற்கு முன்பே அக்கா அழுத்திவிட்டார்.

அலுவலகத்தில் வேறொரு பெண் இருந்தார். அவரும் அக்காவின் கோப்பைப் புரட்டி, அதே பயிற்சியைப் பற்றிச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத்தான் கேட்டார், இவரால் தினமும் வர முடியுமா என்று. வாய் தானாகத் திறந்தது. அக்கா என் மணிக்கட்டில் மெல்லக் கை வைத்தார். பிறகு கொப்பியை விரித்து, ஏழு பத்துக்கு எங்கள் நிறுத்தத்திலிருந்து ஒரு தாழ்தள ட்ராம் இருக்கிறது, ஏழு முப்பதுக்கு வருவது பழையது, அதில் ஏலாது, ஆகவே ஏழு பத்து ட்ராமில் வருவேன் என்று தானே சொன்னார். நேர அட்டவணையில் சக்கர நாற்காலி அடையாளம் போட்டிருந்த ட்ராம்களை மட்டும், போகிறது வருகிறது இரண்டையும், தன் குண்டுக் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். கூட யார் வருவார் என்று அந்தப் பெண் கேட்டார். யாரும் வரமாட்டார்கள் என்றார் அக்கா.

திரும்பி வரும்போது எங்களுக்கு வாய்த்தது பழைய ட்ராம். மூன்று படி, நடுவில் கம்பி. நான் பழையபடி குனிந்தேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"விடு, அது போகட்டும். அடுத்தது இருவது நிமிசத்தில வரும்."

"குளிருக்கை இருவது நிமிசம் ஏன் அக்கா? நான் ஒரு நிமிசத்தில ஏத்திப்போடுவன்."

"எனக்குக் குளிரேல்லை."

நிறுத்தத்தில் இருந்த வாங்கில் நான் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தினார். பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தேநீர் ஊற்றிக் குடித்தார். பயணத்தில் அக்கா எதையும் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் மூடியில் ஊற்றித் தந்தார். பிறகு தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னம் அந்த மனிசி கேட்டது எனக்கு விளங்கினது. நீ சொன்னதும் விளங்கினது."

என் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாடங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தானே. அவருக்கு மொழி விளங்காது என்று நான் எப்படி நினைத்தேன்?

"பிறகேன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? நான் ஏலும் எண்டு சொன்னா, என்னை ஒவ்வொரு நாளும் தூக்கப்போறது நீதானே. உன்ர முதுகைக் கேக்காமல் நான் எப்பிடி ஓம் சொல்லுறது?"

போத்தலில் மிச்சமிருந்த தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"ஏலாது எண்டு நீ சொன்னது பொய்யில்லை தம்பி. அண்டைக்கு ஏலாதுதான். ஆனா பொருத்தமா ஒண்டும் இல்லை எண்டு எனக்குச் சொன்னியே, அதைத்தான் தாங்கேலாமல் கிடந்தது. ஏலாது எண்டு என்னட்டையும் சொல்லியிருக்கலாம். ரெண்டு பேருமாச் சேந்து கவலைப்பட்டிருப்பம்."

நான் அழுதேன். நடுத்தெருவில், பட்டப்பகலில், நாற்பது வயது ஆம்பிளை. அக்கா தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. இருபது நிமிடம் கழித்து ட்ராம் வந்தது. அவர் ஏறினார். நான் அவருக்குப் பின்னால் ஏறினேன்.

அக்கா அந்தப் பயிற்சியை முடித்தார். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளர் கோப்புகளைப் பார்க்கிற பிரிவில் வேலை கிடைத்தது. மேடை உயர்த்தாத சில நிறுத்தங்களில் சாரதி இறங்கி வந்து, கதவடியில் மடங்கிக் கிடக்கும் பலகையை விரித்துவிட வேண்டும். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்வார்களாம். "அவையின்ர வேலை, செய்யட்டும்" என்பார் அக்கா. அந்த மீசைக்காரச் சாரதி மட்டும் அவரைக் காணும்போதெல்லாம், இன்று நீங்கள்தானே ஏறுகிறீர்கள் என்று கேட்டுச் சிரிப்பாராம்.

நான் நல்லவன் என்றுதான் எட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவைத் தூக்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ட்ராமின் தரையை இறக்கலாம் என்று எங்கோ ஒரு மேசையில் இருந்து யாரோ யோசித்திருக்கிறார்கள். அக்காவை அவர்கள் கண்டதுகூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. யாராவது அக்காவைப் பற்றிய கேள்வியை என்னிடம் கேட்டால், அவர் பக்கம் கை காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். முழுதாகப் பழகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இல்லாத ஒரு படிக்காக நான் காலைத் தூக்கியது அன்றைக்கு அந்த ட்ராமில் மட்டும்தானா என்ற கேள்வி, இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.