பதினான்கு பல் உள்ள சீட்

எங்கள் வண்டி பழைய பிக்கப். வட்ட முகவிளக்கு, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி, குட்டையான மூக்கு. நான் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்துக்கொண்டு மூன்று காணி நிலத்தையும் கவனித்த காலத்தில் வாங்கியது. திருக்கனூர் சந்தைக்குக் கத்தரிக்காயும் கரும்புக்கு உரமும் அதில்தான் போயின. இந்த மாதிரி வண்டிகளைத் தேடிப் பிடித்து மெருகேற்றி வைத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். டவுனிலிருந்து ஒருவர் மூன்று முறை வந்து பார்த்தார். "எதையும் மாத்தாதீங்க சார், ஸ்குரூகூட பழசாவே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போன வருடம் தை முடிந்ததும் நான் அதன் சீட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, ஒரு புதுக் காரின் இரண்டு முன் சீட்டுகளை உள்ளே வைத்தேன். என் மனைவிக்காக.

அவளுக்கு இதயம் வீங்கிவிட்டது. அடிக்க வேண்டிய அளவுக்கு அது அடிக்காததால் உடம்பில் நீர் தங்குகிறது, படுத்தால் அந்த நீர் நெஞ்சுக்கு ஏறுகிறது என்று டாக்டர் சொன்னார். படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தால் தூக்கம் வராது. கட்டிலில் சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைப்போம். அவை ஒவ்வொன்றாக நழுவும், அவளும் கூடவே நழுவுவாள், இருமல் வரும், எழுந்து உட்காருவாள். இப்படியே மார்கழி முழுக்க. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவள் தூங்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். முப்பத்தொரு வருடம் கரும்பு லோடுக்கு எடை போட்டவன் நான். காலையில் அவளை மெஷின் மேல் நிறுத்திவிட்டுக் குனிந்து முள்ளைப் பார்ப்பேன்.

"கழிவு எவ்ளோ புடிக்கப் போறீங்க?" என்பாள். ஆலையில் தோகைக்கும் மண்ணுக்கும் ஒவ்வொரு லோடிலும் கழிவு பிடிப்பது வழக்கம். விவசாயிகள் அதற்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை டவுனில் ஆஸ்பத்திரி. காரில் ஏறக் குனிய வேண்டும், குனிந்தால் அவளுக்கு மூச்சு நிற்கும். பிக்கப்பில் படி இருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபடியே ஏறிவிடலாம். அதனால் பிக்கப்தான். ஆனால் அதன் சீட், பலகை மாதிரி நீளமான ஒரே சீட். முதுகுக்கு நடுவில் முடிந்துவிடும், தலைக்கு ஒன்றும் கிடையாது. செல்லிப்பட்டு தாண்டி இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை இருபத்தேழு வேகத்தடைகள். ஒருமுறை திரும்பி வரும்போது வில்லியனூருக்குள் அவள் கண்ணயர்ந்துவிட்டாள். நான் கவனிக்கவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது நெற்றி போய் டாஷ்போர்டில் இடித்தது. கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியது. "தூங்கிட்டேன் பாருங்களேன்" என்றாள், ஏதோ நல்ல செய்தி சொல்வதைப் போல.

மறுநாளே காயலான் கடைக்குப் போனேன். போகும்போது சொல்லி அனுப்பினாள்: "செத்தவங்க ஒக்காந்த சீட்டா இருந்தா வாணாம். கேட்டுட்டு வாங்குங்க."

கடைக்காரனிடம் கேட்டேன். ஒரு வெள்ளைக் காரைக் காட்டினான். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது, முன்பக்கம் அப்படியே இருந்தது.

"யாரும் சாவல சார். பின்னால லாரிக்காரன் இடிச்சான். முன்னால ஒக்காந்துனு இருந்த ரெண்டு பேரும் எறங்கி அவங்கூட ஒரு மணி நேரம் சண்ட போட்டானுங்க. நல்லா தெம்பா இருந்தானுங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தவன் சொன்னான் சார். சீட்டு வேணுமா, இல்ல கேஸ் நடத்தப் போறீங்களா?"

நம்பவில்லை. இரண்டு சீட்டுகளையும் புரட்டிப் பார்த்தேன். தையலுக்குள் விரலை விட்டுத் தடவினேன், மோந்து பார்த்தேன். கறை இல்லை. பிறகுதான் வாங்கினேன்.

வெல்டிங் பட்டறைக்காரன் எங்கள் ஊர்ப் பையன்தான், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். எதையும் அளக்காமல் வெட்டுவான், வெட்டிய பிறகு அளப்பான். பழைய சீட்டைத் தூக்கினால் அடியில் டீசல் டேங்க். அதைக் கழற்றி வெளியே வைத்த பிறகுதான் வெல்டிங் வைக்க வேண்டும் என்று நான் சொல்ல, "தெரியும் சார், எனக்கும் வூடு வாசல் இருக்குது" என்றான். ஆனாலும் டேங்க் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று நானே நடந்து பார்த்துக்கொண்டேன். ஆங்கிள் கம்பியில் சட்டம் கட்டி அதன் மேல் சீட்டை நிறுத்தினான். கதவைச் சாத்திப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. சாய்க்கிற லிவர் கதவுப் பக்கம் இருந்தது, கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் விரல் போக இடமில்லை. கதவைத் திறந்தால்தான் சாய்க்க முடியும். ஓடுகிற வண்டியில் அவளுக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது?

இரண்டு சீட்டையும் இடம் மாற்றச் சொன்னேன். டிரைவர் சீட்டை அவள் பக்கமும் அவள் சீட்டை என் பக்கமும் போட்டால் லிவர் நடுவுக்கு வந்துவிடும், என் இடது கைக்கு எட்டும்.

"அம்மாவ டிரைவராக்கிட்டீங்க" என்றான் அவன். முடித்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தான். "மூஞ்சி கெழவன் சார், உள்ள மட்டும் மாப்பிள்ள."

லிவரைத் தூக்கி விட்டால் சீட்டின் முதுகு ஒரு பல் நகர்ந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். எண்ணினேன். நேராக நிமிர்ந்திருப்பது முதல் பல். முழுக்கப் படுத்தால் பதினான்கு.

அடுத்த ஆஸ்பத்திரிப் பயணத்தில் பெல்ட்டைப் போட்டு, ஒவ்வொரு பல்லாகச் சாய்த்து, எதில் மூச்சு சீராக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒன்பதில் "போதும்" என்றாள். பத்தில் இருமினாள். ஒன்பதுக்கே திரும்பினேன். வரும் வழியில் தூங்கிவிட்டாள். சீட்டின் இரண்டு பக்கமும் கொஞ்சம் மேடாக இருந்ததால் உடம்பு நழுவவில்லை, தலை ஆடவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் எழவில்லை. என் மகன் வெளியே வந்தான். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். பதினோரு மணிக்கு வந்தவள் மூன்றரைக்குக் கண் விழித்தாள். கன்னத்தில் சீட்டுத் தையலின் அச்சு பதிந்திருந்தது.

"இன்னும் வூடு வரலியா?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வண்டியில்தான் தூங்கினாள். தகரக் கொட்டகைக்குக் கீழே வண்டி, இரண்டு கதவும் திறந்து, பழைய சேலையைக் கட்டிக் கொசுவலை. என் இடம் பக்கத்து சீட்.

மகனுக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனி வேலைக்குப் போய் வருகிறவன், நாலு பேர் பார்க்கிறார்கள். "ஊரு சிரிக்குதுப்பா. கல்லு வூடு கட்டி வச்சிட்டு அம்மாவ வண்டியில படுக்க வச்சிருக்கான்னு பேசறானுங்க."

"படுக்க எங்கடா வச்சோம்? படுக்கத்தான் முடியலையே."

"அந்த சீட்ட கழட்டி உள்ள போட்டுடலாம். அதே சீட்டு, அதே தூக்கம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும். பட்டறைக்காரனைக் கூட்டி வந்து சீட்டைக் கழற்றி, ஒரு தடித்த பலகையில் போல்ட் அடித்துக் கூடத்தில் வைத்தோம். காற்று வரட்டும் என்று வாசலைப் பார்த்தபடி வைத்தோம். அவளை மெதுவாக நடத்திக் கூட்டி வந்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை.

எங்கள் பக்கம் செத்தவர்களைப் படுக்க வைக்காமல், நடுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்துத் துணியால் கட்டி, வாசலைப் பார்க்க வைத்திருக்கும் வீடுகள் உண்டு. வருகிறவர்கள் வாசலிலிருந்தே முகத்தைப் பார்ப்பார்கள்.

"மால எப்பப் போடுவீங்க?" என்றாள்.

பட்டறைக்காரன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான். "நான் அப்பவே நெனச்சேன்" என்று முணுமுணுத்தான். நினைத்திருக்க மாட்டான். மகன்தான் சீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான். அதற்குப் பிறகு ஊர் சிரிப்பதைப் பற்றி அவன் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், என் பேத்தி வயது இருக்கும். ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது: "எத்தனை தலகாணி வச்சுப் படுக்கறாங்க?"

"ஒம்பதாவது பல்லுல தூங்கறாங்க" என்றேன்.

"பல்லா?"

விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "வண்டியிலயா தூங்கறாங்க?" என்று என் மனைவியிடம் திரும்பினார்.

"எங்கயும் போவாத வண்டிம்மா. பயப்படாதீங்க" என்றாள் இவள்.

அடுத்த முறை டாக்டரே, "இப்ப எத்தனாவது பல்லு?" என்று கேட்டார். "ஏழு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டினார்.

சித்திரையில் ஏழு. வைகாசியில் ஐந்து. மாத்திரை மாற்றியதும் ஐந்து திரும்ப ஏழானது, எடையும் மூன்று கிலோ இறங்கியது. எட்டு நாள் நான் நன்றாகச் சாப்பிட்டேன். ஒன்பதாவது நாள் "கொஞ்சம் ஏத்துங்க" என்றாள். ஆறு. பிறகு ஐந்து. ஆடிக் காற்றில் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தபோது மூன்று. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அவள் கேட்கும்போதெல்லாம் நான் லிவரைத் தூக்குவேன், 'டக்' என்று ஒரு சத்தம், அவள் ஒரு மூச்சு இழுத்து விட்டு "தேவல" என்பாள். இன்னும் எத்தனை பல் மிச்சம் என்று எனக்குத் தெரியும். கூட்டுவதற்கு ஏதாவது வழி உண்டா என்று பட்டறைக்காரனிடம் கேட்டேன். சட்டத்தின் பின்பக்கம் கட்டை கொடுத்துத் தூக்கலாம், ஆனால் அவள் முன்னால் சரிவாள் என்றான். கொடுத்துப் பார்த்தோம், சரிந்தாள். எடுத்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் டவுன்காரர் போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஒரிஜினல் சீட்ட தூக்கிட்டீங்களாமே சார், வண்டி மதிப்பே போச்சே" என்றார். அந்தப் பழைய சீட்டு கொட்டகை மூலையில்தான் கிடந்தது, கோழி அதில் முட்டையிட்டது. வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வரவில்லை.

ஆவணி பிறந்து சில நாளில் முதல் பல்லுக்கு வந்துவிட்டோம். ஒரு மத்தியானம். சீட்டு செங்குத்தாக நின்றது, இனி நகர அதற்கு இடமில்லை. அவள் இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு, தோளை ஏற்றி ஏற்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணு ஏத்துங்க."

நான் லிவரைத் தூக்கினேன். சீட்டை ஒரு பல் பின்னால் போகவிட்டு, கையால் அணைத்துத் திரும்ப முன்னால் கொண்டுவந்து விட்டேன். 'டக்'.

"தேவல" என்றாள்.

சிறிது நேரம் தூங்கினாள். சாயங்காலம் மறுபடி கேட்டாள், மறுபடி அதையே செய்தேன். மறுநாளும் செய்தேன். மூன்றாம் நாள் காலையில், நான் லிவரில் கை வைத்திருந்தபோது, என் பக்கம் திரும்பாமல், மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எனக்கும் எண்ணத் தெரியும்ங்க. ஒண்ணுக்கு மேல ஏது?"

என் கை அங்கேயே நின்றது.

"பரவால்ல. போடுங்க. அந்த சத்தம் கேட்டா தேவலையா இருக்குது."

போட்டேன்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ்தான் வர வேண்டியதாயிற்று. கம்பியைப் பிடித்து ஏறுகிற தெம்பு அவளுக்கு இல்லை, அவளைத் தூக்கி ஏற்றுகிற தெம்பு எனக்கு இல்லை. ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் "படுக்க வைக்காதீங்க, படுக்க வைக்காதீங்க" என்று நான் கத்தினேன். அவர்கள் தலைப்பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் நான்கு நாள் உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருந்தார்கள். முகத்தில் மாஸ்க் இருந்ததால் அவள் பேசவில்லை. என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள், பிறகு இன்னொரு தடவை. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

திரும்பக் கொண்டுவரும்போது மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். தலைக்கு ஒன்றும் வைக்கவில்லை. நான் உள்ளே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வில்லியனூருக்கு முன்னால் முதல் வேகத்தடை வந்தபோது தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. என் துண்டை நான்காக மடித்துக் கழுத்துக்கு அடியில் கொடுத்தேன். பிறகு வீடு வரும்வரை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன்.