ரெண்டரை இஞ்சுக் குழாய்

என் தம்பி ஊர்க்கார விவசாயிகள் சிலரோடு சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறான் என்று தெரிந்த நாளிலிருந்தே எனக்கு வயிறு எரிந்தது. சொந்தத் தம்பிமேல் பொறாமையா என்று கேட்டால், ஆமாம். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மனைவி, "ஒங்க தம்பிதானே, விடுங்க லா" என்றாள். அவளுக்குத் தம்பி கிடையாது.

ஆங் மோ கியோவில் ஒரு பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் கீரைத் தோட்டம் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் பார்ப்பது என் வேலை. சொட்டுநீர்க் குழாய், மோட்டார், டைமர் எல்லாம் பதினைந்து வருடமாக என் கையில். ஊரில் எங்கள் நிலத்தை இரண்டு பங்காகப் பிரித்தபோது, என் பங்கையும் சேர்த்துத் தம்பியே பயிரிட்டான். அவனுக்குச் சொட்டுநீர் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், இங்கிருந்து படம் வரைந்து, குழாய் அளவு எழுதி அனுப்பியவன் நான். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவன் குழாய் போட்ட ஒரே மாதத்தில் எல்லாத் துளைகளும் அடைத்துக்கொண்டன. நான் வடிகட்டி எழுதியிருக்கவில்லை. இந்த ஊரில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம். தண்ணீரில் மணல் வரும், உப்பு படியும் என்பதே என் புத்தியில் இல்லை. எங்கள் ஊர்ப் போர்க்கிணற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன் செய்கிற காரியமா இது? மிளகாய்ச் செடிகள் வாடிக்கொண்டிருக்க, தம்பி ஒவ்வொரு குழாயாகக் கழற்றி அலசி, வடிகட்டி வாங்கிப் பொருத்தி, பாதிப் பயிரைக் காப்பாற்றினான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, அதோடு போயிருக்கும். அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் சொட்டுநீர் போட்டாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அம்மா போனில் அவனைப் பற்றி ஆரம்பித்தால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவேன்.

வந்த இரண்டாம் நாள், என் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றான். அழைத்துப் போனேன். என் மேலாளர் ஒரு சீன அம்மாள். வெயில் காலத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவனிடம் கேட்டார். மொழிபெயர்ப்பு நான்.

"செடியடியில கரும்புச் சோகையைப் பரப்பிருவோம். மண்ணு சூடேறாது. தெனம் விட்ட தண்ணிய ஒருநா விட்டு ஒருநா விட்டாப் போதும்" என்று ஆரம்பித்தவன், எந்த மண்ணுக்கு எவ்வளவு கனம், கரையான் வந்தால் என்ன செய்வது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். நான் அதை, "காய்ந்த இலை போடுவார்களாம்" என்று ஒரே வரியில் முடித்தேன். இவ்வளவு நேரம் பேசினாரே, அவ்வளவுதானா என்று அம்மாள் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மீதியையும் சொன்னேன். அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். பதினைந்து வருடத்தில் நான் சொன்ன எதையும் அவர் எழுதிவைத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். எடுத்தது நான்.

மத்தியானம் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். இலை போட்டுச் சோறு வருவதற்குள் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தான்.

"ஏழு வயலுக்கும் சேத்து ஒரு பண்ணைக்குட்டை வெட்டப் போறோம்ணே. ஒரே மோட்டாரு, ஒரே மெயின் குழா. நான்தான் வரைஞ்சேன். நீங்க பாத்து சரின்னு சொல்லணும்."

பார்த்தவுடனே தெரிந்தது. ஏழு வயலுக்கும் ரெண்டரை இஞ்சுக் குழாய் ஒன்றையே கடைசிவரை இழுத்திருந்தான். முதல் நாலு வயல் வயிறு நிறையக் குடிக்கும். ஏழாவது வயலில் சொட்டுக்கூட ஒழுங்காக விழாது.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனேன். கண்ணாடியில் என் முகம் சந்தோஷமாக இருந்தது. பல வருடமாக அப்படி இருந்ததில்லை.

திரும்பி வந்தபோது காகிதத்தை எச்சில் படாமல் பத்திரமாக மடித்துக்கொண்டிருந்தான். "இனிமே கவலையில்ல. ஒங்கண்ணன் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவோம்னு மத்த அஞ்சு பேரும் நிக்கிறாங்க" என்றான்.

"நான் வடிகட்டி எழுதாம விட்டது தெரிஞ்சுமா?"

"அது யாருக்கும் தெரியாதே. நீங்க எழுதித்தான் இருந்தீங்க, நான்தான் செலவுக்குப் பயந்து போடாம விட்டேன்னு சொல்லிருக்கேன். அம்மாகிட்டயும் அதான்."

டீ வந்தது. நான் குடிக்கவில்லை. "கடைசி வயல் யாரோடது?" என்று கேட்டேன்.

"என்னோடதுதான். தண்ணி பிரிக்கிறவனுக்குக் கடைசி மடைங்கிறது நம்ம ஊரு வழக்கம்தானே. குட்டையை எங்கிட்டு வேணா வெட்டலாம். என் வயலு கடைசியா வர்ற மாதிரி பாத்து மேக்கால வச்சேன். ஒங்களுது அதுக்கு முந்துனது."

அவன்மேல் எனக்கு இருந்த பொறாமை அந்த நிமிடத்தில் குறைந்தது என்று எழுத ஆசைதான். கூடத்தான் செய்தது. இவ்வளவு நல்லவனாக இருக்க இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, அதே வீட்டில் வளர்ந்த எனக்கு ஏன் வரவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

"அந்தக் காகிதத்த இங்க கொடு" என்றேன்.

ரெண்டரை என்பதை அடித்து, நாலாவது வயல்வரை மூணு இஞ்சு, அதற்கப்புறம் ரெண்டரை என்று எழுதினேன். ஏழாவது வயலின் ஓரத்தில், அழுத்தம் அளந்து பார்க்க ஒரு மீட்டரும் வரைந்தேன். பேனா ஓரிடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது. அவன் குனிந்து பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.