கரைந்துபோன உப்பு

இன்று காலை ஜன்னல் வழியே மழை அடித்து, திறந்திருந்த உப்பு ஜாடியில் தண்ணீர் நிறைந்துவிட்டது. மருமகள் அதைக் கீழே கொட்டியபோது எனக்குத் தல்லாகுளத்து வீடு நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. கல்யாணப் பேச்சு வந்ததும் அப்பா அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார். அந்த வாரம் ஓடு ஒழுகி, ஒரு மாதத்து உப்பும் பானைக்குள்ளேயே கரைந்துபோனது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"உப்பு எங்கயும் போகலம்மா. தண்ணிக்குள்ளதான் இருக்கு," என்றாள் அக்கா.

கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, மண்சட்டியில் ஊற்றிக் காய்ச்சினாள். தண்ணீர் வற்ற வற்ற ஓரமெல்லாம் வெள்ளை பூத்தது. கடைசியில் உப்பு படபடவென்று பொரிந்து தெறித்தது. அம்மா துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"வாங்குனப்பகூட இம்புட்டு வெள்ளையா இல்லையேடி! மண்ணெல்லாம் எங்க போச்சு?"

"மண்ணு தண்ணில கரையாதும்மா. துணியிலயே தங்கிருச்சு."

அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அப்பா வந்ததும், "கல்யாணத்த ரெண்டு வருசம் தள்ளி வைங்க. இவ படிக்கட்டும்," என்றாள். அதுவரை அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அக்கா புத்தகப்பையோடு வாசலில் இறங்கியபோது, அப்பா தடுக்கவில்லை.