பாட்டிலுக்கு வேர்த்த நாள்

ஒரகடம் ரோட்டில் ஐஸ் பிளாண்ட் ஒன்று, வாலாஜாபாத்தில் காய்கறிக்குக் குளிர்கிடங்கு ஒன்று, கம்பெனி கேண்டீன்களுக்குக் குளிர்பானம் ஏற்றிப் போகிற வண்டிகள் நாலு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் உண்டாக்கியது இத்தனையும். கைகொடுக்க ஆளில்லை, "உனக்கு எதுக்குடா இதெல்லாம்" என்று கேட்க மட்டும் ஊரே இருந்தது.

போன மாதம் மகன் எங்கள் வீட்டுக்கு ஒரு சோடா மிஷின் வாங்கிவந்தான். பட்டனை அமுக்கினால் டம்ளரில் சோடா ஊற்றும். அவன் குளிரைக் கடைசிவரை திருகிவைக்க, உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் அடைத்துக்கொண்டது. மெக்கானிக் வருவதற்குள் திருகைப் பின்னால் தள்ளி, டம்ளருக்கு வேர்க்கிற இடத்தில் நிறுத்தியவன் நான். இது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

அப்போது ஒரகடத்தில் கம்பெனி ஏது? கேழ்வரகும் வேர்க்கடலையும்தான். படப்பையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சித்தப்பா ஒரு கோலி சோடா மிஷின் வைத்திருந்தார். தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டிலை மாட்டி, சிலிண்டரைத் திறந்து, கையால் சுற்ற வேண்டும். கேஸ் ஏறி, கோலி வந்து வாயை அடைத்துக்கொண்டால் சோடா, இல்லாவிட்டால் தண்ணீர். சித்தப்பாவுக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான். "உன் சோடாவ குடிச்சா ஏப்பம் வரலப்பா, தூக்கம்தான் வருது" என்று பஸ் ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள்.

முப்பது வயதாகியும் அவருக்குப் பெண் அமையவில்லை. கடைசியில் வாலாஜாபாத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பெண்ணின் அப்பா டீக்கடைக்காரர். "ஞாயித்துக்கெழம வர்றேன். பையன் போட்ட சோடாவ குடிச்சுப் பார்த்துட்டுத்தான் பொண்ணு விஷயம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். சித்திரை வெயில் வேறு. வீடே கலங்கிப் போயிற்று.

எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தது. விடிந்ததும் போடுகிற முதல் நாலு பாட்டில் மூக்கில் ஏறும். மத்தியானம் போடுவது செத்துப்போகும். அதே மிஷின், அதே கை. மாறுவது தண்ணீரின் சூடு ஒன்றுதான். சித்தப்பாவோ வெயிலில் கிடந்த தொட்டித் தண்ணீரில் சோடா போட்டு, போட்ட பிறகு ஐஸில் படுக்கவைப்பார். ஓடிப்போன கேஸை ஐஸ் போய்த் திருப்பிக் கூட்டிவருமா?

அந்த ஞாயிறு, மரத்தூளில் புதைத்துக் கோணியில் சுற்றி, தாம்பரத்திலிருந்து அப்பா பஸ்ஸில் கொண்டுவந்த ஐஸ், இறங்கும்போதே பாதியாகியிருந்தது. பெரியவர்கள் ஜமக்காளம் தட்டப் போன நேரத்தில் அதை உடைத்து, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைச் சுற்றிக் கொட்டினேன். குச்சி ஐஸ்காரர் ஐஸோடு உப்புப் போடுவதைப் பார்த்திருந்ததால் நாலு கை உப்பும் போட்டேன். அங்கேதான் பிசகியது. ஒரு மணி நேரத்தில் மூன்று பாட்டில் உறைந்து விரிசல் விட்டிருந்தன.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "டேய், இன்னாடா பண்ணிவெச்ச? கண்ணாலத்துக்கு முன்னாடியே என் வாய்க்கைய ஒடைச்சிட்டியேடா!"

நான் அழவில்லை. "உப்புதான் சித்தப்பா தப்பு. ஐஸ் தப்பில்ல. பாட்டிலுக்கு வேர்த்தா போதும், அப்ப கேஸ் வுடு" என்றேன்.

மிச்சமிருந்தது ஒரு சட்டி ஐஸ். அவருக்கும் வேறு வழியில்லை. உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிணற்றின் அடித்தண்ணீரை இறைத்து ஆறே ஆறு பாட்டிலில் நிரப்பி, ஐஸில் நிறுத்தி, ஈரக் கோணி போட்டு மூடினோம். நான் முன்னால் குந்திக்கொண்டேன். கண்ணாடியில் முத்து முத்தாய் வேர்த்ததும் "இப்போ" என்றேன். அவர் சுற்றினார். கோலி டக்கென்று அடைத்தது. ஆறுக்கு ஆறும்!

பெண்ணின் அப்பா கட்டைவிரலால் கோலியை அமுக்கிய சத்தத்தில் ஓட்டின் மேலிருந்த காக்கை பறந்தது. பாதி குடித்து, கண்ணைத் துடைத்து, தெருவுக்குக் கேட்கும்படி ஓர் ஏப்பம் விட்டார். "இந்த வெயில்ல இன்னாமா கேஸ் நிக்குது! எப்படி தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "எல்லாம் கைப்பக்குவம்தாங்க."

"அப்ப மாமான்னே கூப்பிடுங்க மாப்ள" என்றார் அவர்.

"நான்தான் ஐஸை..." என்று ஆரம்பித்தேன். அப்பா கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. கேசரியும் வேண்டாமென்று கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். சித்தப்பா வந்து, மீந்த சோடா ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

திருடிக்கொண்டார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பெண் கேட்டு உட்கார்ந்திருப்பவன், சோடாவுக்குப் பக்குவம் சொன்னது மூன்றாம் வகுப்புப் பையன் என்று சொன்னால் எவர் பெண் கொடுப்பார்? என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போய் நானும் அந்த டீக்கடைக்காரரைப் போல உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது.

இப்போது சித்தப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு அவர் பிள்ளைகள் விழா மலர் போடுகிறார்கள். 'குளிர்ந்த தண்ணீரில்தான் கேஸ் நிற்கும் என்று தாமே கண்டுபிடித்தவர்' என்று அச்சுக்குக் கொடுக்க எழுதிவைத்திருக்கிறார்கள். தம்பிகளா, அந்த 'தாமே'வை அடியுங்கள். அன்றைக்கு அவர் மறைத்ததற்கு நியாயம் இருந்தது. தாலி கட்டி ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. சித்தியை இனி யாரும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். என் பெயரைப் போடுங்கள்.