மாறி நில்லு மக்கா

கன்னியாகுமரித் துறையின் நனைந்த படியில் அம்மா உட்கார்ந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அப்பாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தோம். சூரியோதயம் பார்க்க வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன் பெரிய கேமராவோடு வந்து, அம்மாவுக்கு எதிரே குத்தவைத்துப் படம் எடுத்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஆருடே நீ? ஆரக் கேட்டு எடுத்த?" என்று கத்தினேன். பையன் மிரண்டுபோனான். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன், ஊர் ஊராகப் போய் வழியில் பார்க்கிற மனிதர்களைப் படம் எடுப்பவனாம். "தப்புத்தானுங்ண்ணா, இப்பவே அழிச்சுடறனுங்க" என்றான்.

"அவன ஏசாத மக்கா" என்றாள் அம்மா. "அத இங்க காட்டச் சொல்லு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தாள். "இது ஆரு, எங்க அம்மை மாதிரில்லா இருக்கா?" என்றாள். திரையை விரலால் தொட்டு, "எனக்கு எப்பம் இவ்வளவு வயசாச்சு?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "அழிக்காண்டாம் தம்பி. இன்னொண்ணு எடுங்க. நான் நேரே நிக்கேன்."

பழக்கதோஷத்தில் நானும் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ மாறி நில்லு மக்கா. நான் மட்டும் போரும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். "அப்பாக்கு மாலை போடப் படம் தேடுனோம்லா, அப்பம் எனக்கு ஒண்ணு உண்டுமான்னு பாத்தேன். ஒண்ணுலயும் நான் தனியா இல்ல." யோசித்துப் பார்த்தேன். கல்யாணப் படத்தில் குனிந்த தலை. தங்கையின் கல்யாண ஆல்பத்தில் பந்தியில் விளம்பும் ஒரு கை. மற்ற படங்களில் ஏதாவது ஒரு குழந்தைக்குப் பின்னால் பாதி முகம். அப்பா கெட்டவர் இல்லை. எங்கள் யாருக்குமே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பையன் என் ஃபோனுக்கு அனுப்பிய படத்தைத் தங்கை பார்த்துவிட்டாள். "அப்பா சாம்பலக் கரைச்ச ஈரம் காயல்ல, அதுக்குள்ள போஸ் குடுத்துட்டு நிக்கணுமா?" என்று அழுதாள். பல வாரங்கள் அம்மாவோடு பேசவில்லை. அம்மா சமாதானமும் சொல்லவில்லை, வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. என் பழைய ஃபோனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் தெருப் பெண்களோடு வேனில் கோயில்களுக்குப் போகும்போதெல்லாம் முன்பின் தெரியாத பெண்களைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவள் ஃபோனில் கோபுரமும் இல்லை, கடலும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள், பூக்கட்டுகிறவள், தூங்கும் பிள்ளையைத் திண்டாடித் தோள் மாற்றுகிறவள். ஆளுக்கொரு ஃபோன் வைத்திருக்கும் இந்தக் காலத்தில் யார் படம் இல்லாமல் இருக்கப்போகிறார்கள் என்று நான் நினைத்ததுண்டு.

சென்ற விடுமுறையில் எல்லாரும் திற்பரப்பு அருவிக்குப் போனோம். தங்கையும் வந்திருந்தாள். புதுக்கடைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அருவியில் கும்மாளமிட்டுக்கொண்டிருந்தது. அவர்களுடைய துணிகளையும் பைகளையும் காத்தபடி ஒரு பெண் மட்டும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளிடம் போனாள்.

"ஒன்ன ஒரு படம் எடுக்கட்டா மக்களே?"

"என்னையா? எல்லாரும் குளிச்சிட்டு வந்துரட்டும்மா."

"அவுங்க வாறதுக்கு முன்ன."

அவள் தயங்கினாள். பிறகு மடியிலிருந்த துண்டுகளைக் கல்லில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கை போய், படத்தில் விழாதபடி பைகளை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

எடுத்து முடித்ததும் அந்தப் பெண் ஃபோனை வாங்கி முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். அருவிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் துண்டு கேட்டுக் கூப்பிட்டது.

"நில்லுங்க, வாறேன்" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.