எந்த முட்டி வலிக்கிறது?

"எந்த முட்டிம்மா வலிக்குது?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இடது முட்டிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வலித்தது வலது முட்டி. நான் வாயைத் திறக்கவில்லை. இடது முட்டியை எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. "எலும்பு நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லி, தேய்க்க ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதை யாருக்கும் தெரியாமல் வலது முட்டியில் தேய்த்துக்கொண்டேன். வலி கொஞ்சம் குறையத்தான் செய்தது.

இதில் என் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் யாராவது கேள்வி கேட்டால் பாதி வார்த்தையிலேயே நின்றுவிடுவேன். பத்தாவது வரை படித்தவள். வகுப்பில் வருகைப்பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்லவே வியர்க்கும். நான் திணறுவதைப் பார்த்து அவர்தான் முன்னால் வந்து பதில் சொன்னார். அன்றைக்கு அது பெரிய உதவி. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. ஜவுளிக்கடையில் "அவளுக்குப் பச்சைதாங்க பிடிக்கும்" என்பார். எனக்குப் பச்சை பிடிக்காது. பந்தியில் "அவ இனிப்புத் தொட மாட்டாளுங்க" என்பார். நான் ஜாங்கிரிக்காகவே கல்யாணத்துக்குப் போகிறவள். இருபத்தாறு வருடங்களாக என் பதில்களை அவர் சொன்னார். பீரோவில் பாதிச் சேலை பச்சை.

எங்கள் வீடு கோவைக்குக் கிழக்கே, ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. வீட்டை ஒட்டி அவருடைய லேத் பட்டறை. போன வருடம் ஒரு பெண் வந்தாள், முப்பது வயதிருக்கும். அவளும் நாலைந்து பேரும் சேர்ந்து, வாரத்துக்கு ஒன்றாகக் குடும்ப நகைச்சுவைத் தொடர் எடுத்து இணையத்தில் போடுகிறார்கள். இயக்குவது அவள்தான். சமையலறை பெரிதாக இருக்கிற வீடு தேடிக்கொண்டிருந்தாளாம்.

"அக்கா, உங்க வீட்ல ஷூட் பண்ணிக்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அவளுக்கென்னங்க, தாராளமாப் பண்ணிக்குங்க" என்றார் இவர்.

அந்தத் தொடரை நான் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் வருகிற நெடுந்தொடர்கள் போல அதில் யாரும் யாருக்கும் விஷம் வைப்பதில்லை. கேஸ் தீர்ந்த நேரத்தில் சம்பந்தி வீட்டார் வருவார்கள். சார்ஜர் ஒன்று, போன் நான்கு. அதற்கு ஒரு சண்டை. அப்பா நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுவார். ஒரு வாரம் முழுக்க அந்த வீட்டு அம்மா, ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறக்க யாரையும் கூப்பிடாமல் தானே திறந்துவிடுவது என்று போராடுவாள். கடைசியில் திறந்தும்விடுவாள். அன்றைக்கு எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

படப்பிடிப்பின் மூன்றாம் நாள். கதைப்படி, கணவன் மனைவியைக் கேட்காமலே அவளுடைய தங்கை வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிடுகிறான். அதற்கு அவள் சண்டை போட வேண்டும். நடிக்கிற பெண், "உனக்கு அறிவிருக்காய்யா? என்னக் கேட்டியா நீ?" என்று கத்தினாள். நான் டீத் தட்டோடு நின்றிருந்தேன். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநர் பெண், "ஏன்க்கா சிரிச்சீங்க?" என்றாள்.

வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் பட்டறையில் இருந்தார். எனக்காகப் பதில் சொல்ல ஆள் இல்லை.

"இல்லீங்க" என்றேன். "எங்கூர்ல இப்படிச் சண்டை போட மாட்டாங்க."

"சண்டையே போட மாட்டீங்களா?"

"போடுவோமுங்க. ஆனாக் கோவம் வந்தா மரியாதை கொறையாதுங்க. கூடுமுங்க."

அவள் அம்மாவின் ஊர் சத்தியமங்கலமாம். வளர்ந்தது சென்னையில். அதனால் 'ங்க' தெரிந்திருந்தது, அதை வைத்துச் சண்டை போடத் தெரியவில்லை. "எப்படிக்கா? ஒருதடவை பேசிக் காட்டுங்களேன்" என்றாள்.

எட்டுப் பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச என்னால் ஆகாது. டீத் தட்டை வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய், மிக்ஸியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரை நினைத்துப் பேசுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தானாக வந்தது.

"இருக்கட்டுங்க. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். எனக்கு எந்த முட்டி வலிக்குதுன்னு என்னையவிட உங்களுக்குத்தானுங்களே தெரியும். நான் யாருங்க கேக்கறதுக்கு? சோறாக்கி வெச்சிருக்கறனுங்க. வந்து உண்டுபோட்டுப் போங்க. எனக்குப் பசிக்குதா இல்லையான்னும் நீங்களே சொல்லிப்போடுங்க."

வெளியே எட்டிப் பார்த்தேன். மனைவியாக நடித்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கணவனாக நடித்தவர், "அக்கா, எனக்கே பயமாயிருச்சுங்க" என்றார். அவர் காங்கேயத்துக்காரர்.

இயக்குநர் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த முட்டி என்னக்கா?" என்றாள். சொன்னேன். "கதைக்கு எடுத்துக்கலாமா?" என்றாள். "எடுத்துக்குங்க" என்றேன். அவர்கள் சாமான்களையெல்லாம் வேனில் ஏற்றிப் போன பிறகுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. இதை என் வீட்டுக்காரர் பார்ப்பார். நம் வீட்டில் எடுத்தது என்று ஊரெல்லாம் வேறு சொல்லி வைத்திருக்கிறார்.

அந்த வாரக் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. பார்ப்பதற்கென்றே என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். எங்கள் அடுப்பு, எங்கள் கடுகு டப்பா எல்லாம் திரையில் தெரிந்தன. கணவன் வேடக்காரர் கடைக்காரரிடம் மனைவிக்கும் சேர்த்துப் பதில் சொல்லச் சொல்ல, இவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இப்படியும் ஒருத்தன் இருப்பானாக்கா?" என்றார்.

பிறகு முட்டி வந்தது.

அவர் சிரிப்பு நின்றது. நங்கையா முதலில் திரையைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். "ஏன் தம்பி, இது உன்ற கதையாட்டவே இருக்குது? எக்ஸ்ரே சுத்தமா இருக்குதுன்னு நீதான போன்ல சொன்ன?" என்றார்.

"எல்லார் ஊட்லயும் நடக்கறதுதாக்கா" என்றார் இவர்.

"எங்கூட்ல நடக்கலப்பா. உங்க மாமனுக்கு என்ற முட்டி எங்க இருக்குதுன்னே தெரியாது."

நங்கையா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது.

அன்று சாயங்காலம், "டீ இருக்குதுங்களா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'அம்மணி' என்றும் 'நீ' என்றும்தான் கூப்பிடுவார். மறுநாள் "துண்டு எங்கீங்க?" மூன்றாம் நாள் "சட்னி போதுமுங்க." எங்கள் ஊர்க் கோபம் எப்படி இருக்கும் என்று எட்டுப் பேருக்கு நான் பாடம் எடுத்தேன் அல்லவா, அது என் சாப்பாட்டு மேசைக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பயமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் எதற்காகக் கேட்பது? வலித்தது வலது முட்டிதானே.

அந்த வாரக் கடைசியில் இயக்குநர் பெண் அடுத்த கதையை எடுத்துக்கொண்டு வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். கணவன் தன் தவறை உணர்ந்து, கண் கலங்கி, மனைவியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறான். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டுத்தான் செய்கிறான். படித்து முடித்துவிட்டு, "எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்குதுங்க. அவளுக்கும் பிடிச்சிருக்குது" என்றார் இவர்.

"இல்லீங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பார்வையை அவள் கையிலிருந்த தாளில் வைத்துக்கொண்டேன். தாளைப் பார்த்தால் பேச வருகிறது.

"அழுவாச்சியெல்லாம் வேண்டாமுங்க. இத்தனை வருசப் பழக்கம் ஒரே வாரத்துல போகாதுங்க. மூணு தடவ அவளக் கேப்பாரு. நாலாவது தடவ மறந்துபோட்டு அவரே சொல்ல ஆரம்பிப்பாரு. பாதியில ஞாபகம் வந்து நிறுத்திப்போடுவாரு. அந்த நிறுத்தறது போதுமுங்க. அவளும் அப்படித்தானுங்க. ஒரு நாள் பேசுவா, மறுநாள் அவர் மூஞ்சியவே பார்த்துட்டு நிப்பா. ரெண்டு பேரும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் நகருவாங்க."

அவள் பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் பெரிதாகக் குறுக்கே கோடு போட்டாள். "அக்கா, நாங்க புதன்கிழமை தோறும் உட்கார்ந்து கதை படிப்போம். டவுன்ஹால் பக்கத்துலதான். நீங்க வந்து கேட்டுச் சொல்றீங்களா? வாராவாரம்?" என்று கேட்டாள். கேட்டது என்னை. ஆனால் கேள்வியின் கடைசியில் அவள் கண்ணும் என் வீட்டுக்காரரிடம்தான் போனது. எல்லோருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது.

அவர் வாயைத் திறந்தார். "அவளுக்கு பஸ்ஸுல..." என்று ஆரம்பித்தார். சட்டென்று நிறுத்தினார். இயக்குநர் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார் என்னிடம்.

ரெண்டு 'ங்க'. கோபம் இன்னும் போகவில்லை என்று தெரிந்தது. முன்பென்றால், "அவரையே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பேன். அவர் கோபம் அவரோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"வாரேனுங்க" என்றேன். "பஸ்ஸுல வாரேன். எனக்கு பஸ் பிடிக்குமுங்க."

முதல் புதன்கிழமை அவரே வண்டியில் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் விட்டார். பஸ் வருவது தெரிந்ததும், "பார்த்து ஏறு அம்மணி, முட்டி" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

இப்போது புதன்கிழமைதோறும் போகிறேன். ஐந்து பேர் நடுவில் உட்கார்ந்து, "இந்த அம்மா இப்படிச் சொல்லாதுங்க" என்று சொல்கிறேன். நாலு பேருக்கு மேல் இருந்தால் இன்னும் தாளைப் பார்த்துத்தான் பேசுகிறேன். ஜவுளிக்கடையில் போன மாதம் இவர் மறுபடியும் பச்சையைக் கை காட்டினார். நான் மாம்பழக் கலரை எடுத்துக்கொண்டேன். "இது எப்ப இருந்து?" என்றார். "எப்பவுமேங்க" என்றேன்.

முட்டி வலி திரும்ப வந்து, அதே டாக்டரிடம் போனோம். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "இடதுதானம்மா?" என்றார்.

"வலதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்தத் தடவை அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் டாக்டர் முகத்தைப் பார்த்து நானும் ஒருமுறை சொன்னேன்.

"வலது முட்டிங்க."